பழைய செட்டிங்ஸ்

அண்ணன் அவளுடைய மெசேஜைத் திறந்துவிட்டான்.

போனில் அந்த நீலக் குறியைப் பார்த்ததும் அவள் பழையவற்றையும் தேடிப் போனாள். மூன்று வருடமாக ஒற்றைச் சாம்பல் குறியோடு கிடந்த மெசேஜ்கள் அவை. மேலே தள்ளத் தள்ள, ஒன்று விடாமல் எல்லாமே நீலம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது எப்படி நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூத்தை நடத்தி வைத்ததே அவள்தான்.

இந்த மெசேஜ் ஆப்பைச் செய்யும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. அதில் செட்டிங்ஸ் திரை முழுக்க அவள் பொறுப்பு. காலையில் விட்ட அப்டேட்டில், போனுக்குள் செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் இடத்தின் பெயரை மாற்றினாள். பழைய இடத்தில் இருப்பதைப் புது இடத்துக்கு எடுத்து வைக்கச் சொல்லும் வரியை எழுத மறந்து தொலைத்தாள்.

ஆப் புது இடத்தில் போய்த் துழாவியது, ஒன்றும் இல்லை. சரி, இவர் இன்றைக்குத்தான் நம்மிடம் வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டிவிட்டது.

அவ்வளவுதான். ஊர் உலகமெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்த செட்டிங்ஸ் போயே போச்சு. கண் மங்கியவர்களுக்குப் பொடி எழுத்து. சத்தத்தை அடக்கி வைத்திருந்தவர்களின் போன்கள் மீட்டிங்கிலும் வகுப்பிலும் அலறின. புகார்ப் பெட்டியில் வந்து விழுந்த வசவுகளில் பாதியை வெளியே சொல்ல முடியாது.

அதைவிட மோசம், ப்ளாக் பட்டியலும் காலி. ப்ளாக் செய்யப்பட்டவர் அனுப்புவது இந்த ஆப்பில் போன் வரைக்கும் வரும், கண்ணில் மட்டும் படாது. இப்போது அத்தனையும் மொத்தமாக வெளியே வந்துவிட்டது.

அண்ணன் போனிலும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆபீசில் தலைபோகிற வேலை என்றாள். அப்பா பிழைத்து எழுந்து, அவளை மன்னித்து, இப்போது காலையில் நடைக்கும் போகிறார். அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை. போனில் வாய்க்கு வந்தபடி பேசினான், அவளும் சளைக்காமல் பேசினாள், கையோடு அவளை ப்ளாக் செய்துவிட்டான்.

லிஃப்ட் மெக்கானிக் அவன். முன்பின் தெரியாதவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவான். தங்கைக்கு மட்டும் திறக்கவில்லை.

அவள் அனுப்பிக்கொண்டேதான் இருந்தாள். வீடு மாறியது, மகளுக்கு முதல் பல் விழுந்த போட்டோ, எல்லாம். மெசேஜ் அனுப்புவது வேறு, போன் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்வது வேறு. அதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அவனுக்கும்தான். ஒருவர் அப்பா வீட்டுக்குப் போகும் நாளில் இன்னொருவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

‘சண்டை போடவாவது கூப்பிடு அண்ணா’ என்பது அவள் கடைசியாக அனுப்பியது. இப்போது அதுவும் நீலம்.

திருத்தம் தயாராக இருந்தது. நல்லவேளை, பழைய இடத்தில் எல்லாம் பத்திரமாகவே கிடந்தது. விட்டுப்போன வரியை எழுதியாயிற்று. அனுப்பினால் எல்லோருக்கும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அண்ணனுக்கும் ஆகிவிடும். மறுபடியும் அவள் அவன் கண்ணில் படமாட்டாள்.

அவன் போனை மட்டும் விட்டுவிடச் சொல்லி இன்னும் ஒரு வரி எழுதலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. விரல் கீபோர்டு வரை போய்விட்டது.

“என்னம்மா, விட்டுடலாமா?” என்றார் பின்னால் வந்து நின்ற டீம் லீடர்.

எந்தப் பெண்ணோ எவனுக்கோ பயந்து ப்ளாக் செய்து வைத்திருப்பாள். அவளுக்கும் இந்த நிமிடத்தில் அவனுடைய மெசேஜ்கள் வந்து கொட்டிக்கொண்டிருக்கும். விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். தன்னை ஒதுக்கி வைத்ததும் அண்ணன் இஷ்டம்தான், இவள் கைவைக்க அதில் என்ன இருக்கிறது.

அந்த வரியை எழுதவில்லை. தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் புகார்ப் பெட்டி அடங்கியது. டீம் லீடர் பெருமூச்சு விட்டுக்கொண்டு காபி வாங்கப் போனார். அவள் அண்ணனுக்கு வெறும் ஒரு புள்ளியை அனுப்பிப் பார்த்தாள்.

ஒற்றைச் சாம்பல் குறி.

யாரும் பார்ப்பதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்தாள்.

அப்போது போன் அடித்தது. ஆப்பில் இல்லை, சாதாரண அழைப்பு. அண்ணன்.

ஹலோ சொல்லக்கூட அவன் விடவில்லை. “ஏய் வாலு, பாப்பா போட்டோவைப் பாத்துக்கிட்டே இருக்கேன், திடீர்னு எல்லாம் காணோம்! அன்னைக்குக் கோவத்துல ப்ளாக் பண்ணித் தொலைச்சேன். மறுவாரமே எடுத்துடலாம்னு தேடினா, இன்னை வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கேன். யாரைக் கேட்டாலும் உன் தங்கச்சி செஞ்ச ஆப்புதானே, அவளையே கேளுங்கிறாங்க. எங்கடி கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருக்கே அந்தப் பட்டனை?”

அந்தப் பட்டன் செட்டிங்ஸில் ‘மற்றவை’க்குள் போய், அதற்குள் ‘மேலும்’ என்பதைத் தட்டி, அடிமட்டம் வரை தள்ளினால் வரும். ஒருவரை வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் ஏதோ ஒரு பலவீனத்தில் சட்டென்று மனம் மாறிவிடக் கூடாது என்று, மீட்டிங்கில் எல்லோரோடும் மல்லுக்கட்டி அதை அங்கே வைத்தவள் அவள்தான்.

வந்த நிம்மதியில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணன் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான். நன்றாகத் திட்டி முடிக்கட்டும், பட்டன் இருக்கும் இடத்தை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.