இரண்டு முறை அழுத்தினால்

ஃபிளாஷ் எரியவில்லை.

ஸ்டுடியோக்காரி டிரிகரை இன்னொரு தடவை அழுத்தினாள். கேமராவின் தலையில் செருகியிருந்த தீப்பெட்டி அளவுப் பெட்டி அது. அறையின் அந்தப் பக்கம் ஸ்டாண்டில் ஏறி நின்ற ஃபிளாஷ் கல்லுளிமங்கன் மாதிரி இருந்தது.

புதுக் கேமரா ரிப்பேருக்குப் போயிருந்தது. பதினோரு மணிக்கு ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொள்ள வருகிறது, கைக்குழந்தையோடு ஒன்பது பேர். அதனால்தான் எட்டு மாதமாகப் பரணில் கிடந்த பழைய கேமராவுக்கு இன்று யோகம் அடித்தது. ஃபிளாஷை ஒயர் இல்லாமல் தள்ளி வைத்து எரிக்க, அந்தக் கேமராவுக்கு இந்தப் பழைய டிரிகர்தான் ஒத்துவரும்.

சோதித்துப் பார்க்க அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். அம்மா மடியில் ஒரு குவியல் துணியைப் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்காரச் சொன்னால் அவளுக்கு ஜுரம் வந்துவிடும்.

ஸ்டுடியோக்காரி பேட்டரியை மாற்றினாள். டிரிகர் செருகும் இடத்தை அழிரப்பரால் தேய்த்தாள். அதன் அடியில் இருந்த நாலு குட்டிச் சுவிட்சுகளை மட்டும் தொடவில்லை. எந்த சேனலில் வேலை செய்ய வேண்டும் என்று அண்ணன் என்றோ குண்டூசியால் தள்ளி வைத்தவை அவை.

அழுத்தினாள். எரிந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் எரிந்தது.

எப்போதும் இரண்டு முறைதான் அழுத்துவாள். அது எங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று யோசித்ததில்லை.

ஸ்டாண்டை இடப்பக்கம் நகர்த்திவிட்டு இரண்டு முறை அழுத்தினாள். உயரத்தைக் கூட்டிவிட்டு இரண்டு முறை. வெள்ளைக் குடையை விரித்து மாட்டிவிட்டு இரண்டு முறை.

பிறகு ஒரு படம் எடுத்தாள். அம்மாவின் முகம் பளிச்சென்று வந்திருந்தது. மடிக்குக் கீழே மட்டும் மை பூசியதுபோல ஒரு கருப்புப் பட்டை.

ஷட்டர் வேகம் அதிகம். எவ்வளவு வைக்க வேண்டும் என்பதுதான் மறந்துபோயிருந்தது. கேமராவைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் அண்ணனின் கோணல் எழுத்து: ‘160க்கு மேல போகாதே.’

டேப்பின் கிளம்பியிருந்த முனையை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

பன்னிரண்டு வருஷம் அவள் படம் எடுத்தாள், அண்ணன் லைட் பிடித்தான். ஒரு கல்யாண மண்டபத்தில், கொஞ்சம் தள்ளி நின்று எடு என்று அவன் சொன்னதற்கு, லைட் பிடிக்க வந்தவன் லைட்டை மட்டும் பிடி என்று நாற்பது பேர் நடுவில் சொல்லிவிட்டாள். அண்ணன் அன்று கடைசிப் படம் வரைக்கும் லைட்டை மட்டும் பிடித்தான்.

அடுத்த வாரமே கேமராப் பெட்டியில் இருந்ததைப் பிரித்துக்கொண்டார்கள். டிரிகர் ஆளுக்கொன்று, ஃபிளாஷ் ஆளுக்கு இரண்டு. அவன் தெருவின் எதிர்ப்பக்கம் மருந்துக்கடை மாடியில் ஸ்டுடியோ போட்டான். இரண்டு வீட்டுக்கும் அம்மாதான் தபால்காரி. ஆனால் கொண்டுபோகத்தான் தபால் ஒன்றும் இல்லை.

கூப்பிட வேண்டியது அவள்தான். அது அவளுக்கும் தெரியும். ஃபோனில் அவன் பெயர் வரைக்கும் போவாள், வைத்துவிடுவாள். கூப்பிட்டு அவன் வராமல் போனால் அப்புறம் ஒன்றுமே மிச்சம் இல்லை. அந்தப் பயத்திலேயே எட்டு மாதம் ஓடிவிட்டது.

வேகத்தை 160க்கு இறக்கினாள். கருப்புப் பட்டை போய்விட்டது. ஸ்டாண்டை ஒரு சாண் பின்னால் தள்ளிவிட்டு இரண்டு முறை அழுத்தினாள். சரியாக இருந்தது.

கேமராவை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஃபிளாஷ் தானாக ஒரு தடவை எரிந்தது.

“பேய் கீய் புடிச்சிருக்கா அதுக்கு?” என்றாள் அம்மா, துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. குடும்பம் சீக்கிரமே வந்துவிட்டது என்று அவசரமாகப் போய்க் கதவைத் திறந்தாள்.

நின்றது ஒரே ஒரு ஆள்தான். அண்ணன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“எத்தன தடவதான் கூப்பிடுவ? படத்துக்கு உக்காந்தவரு கண்ணு கூசுதுன்னு எழுந்தே போயிட்டாரு. வரேன்னு நானும் ஒரு தடவ அமுக்கிச் சொன்னேன். அப்பவும் விடமாட்டேங்கற.”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்பீக்கர் அலறும் மண்டபங்களில் தொண்டை கிழியக் கத்தினாலும் அண்ணனுக்குக் கேட்காது. அதனால் அவள் டிரிகரை இரண்டு முறை அழுத்துவாள். எந்த மூலையில் நின்றாலும் அவன் கையில் இருக்கும் ஃபிளாஷ் இரண்டு முறை எரியும். இங்கே வா என்று அர்த்தம்.

அந்த நாலு சுவிட்சுகளை அவள் மாற்றவில்லை. அவனும் மாற்றியிருக்கவில்லை. ஒரே சேனல், இங்கே அழுத்தினால் தெருவைத் தாண்டி அங்கேயும் எரியும்.

சும்மா டெஸ்ட் பண்ணினேன் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பின்னால் அம்மா துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“ஆமாண்ணா,” என்றாள். “கூப்பிட்டேன்.”