வாசலில் கிடந்த ஜோடி

கொள்ளைநோய்க்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலம். ரெஜினாவின் செருப்புகள் இரண்டும் வாசல் கதவுக்கு உள்ளே நாற்பது நாளாகச் சும்மா கிடந்தன.

நமக்கே மறந்துபோன கிழமை செருப்புக்கு எதற்கு? ஆனாலும் இடது கேட்டது. "இன்னைக்கு என்ன கிழமை?"

"காலையிலதானே கேட்டே? செவ்வாயோ வெள்ளியோன்னு சொன்னேனே" என்றது வலது.

"அது நேத்து இல்லையா? எனக்கு ஒண்ணும் புரியல. வார் வேற விறைச்சுப் போச்சு. இப்படியே கிடந்தா வெடிச்சிரும். அப்புறம் நாம நடந்த மாதிரிதான்!"

ஆணியில் தொங்கிய குடைக்குச் சிரிப்பு. "நான் வருஷத்துல பத்து மாசம் தலைகீழாத் தொங்கறேன். உங்களுக்கு நாற்பது நாளைக்கே இந்தக் கூப்பாடா?"

அப்போது ரெஜினா வந்தாள். முகம் கழுவி, தலை வாரி, புடவை மாற்றியிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்கவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்குமாக விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்குடி செருப்பு?" என்றார் கணவர்.

"மார்க்கெட்டுக்குப் போறேன். வழியை விடுங்க."

அரை மணி கழித்துச் செருப்பைப் பழைய இடத்திலேயே கழற்றிவிட்டு, "அப்பாடா!" என்று உள்ளே போனாள்.

இடது குழம்பிப்போனது. "நாம எங்கே போனோம்?"

"தெரியல. அதே கதவு, அதே ஆணி."

"ஆனா என் வார் இளகியிருக்கே!"

குடை ஆணியில் லேசாக ஆடியது. பிறகு மெல்லக் கேட்டது. "நாளைக்கு மார்க்கெட்டுல மழை பெய்யுமா?"