பின்பக்கம் மட்டும்

மலை ஜீப்புக்கு கேஸ் டப்பா வைத்த ஷாக் அப்சார்பர் மாட்ட வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். முத்திருளாண்டி பின்பக்கம் மட்டும் போதும் என்றான்.

"பின்னாடி எவ்வளவு வெயிட் ஏறும்?" என்று கேட்டார் மெக்கானிக் அபுதாகிர்.

"மாசமா இருக்கிற பொம்பள ஒருத்தி படுத்துக்கிட்டு வர்ற அளவுக்கு, பாய்."

அபுதாகிர் பழைய பிராக்கெட்டை அறுத்துவிட்டு, புதியதைச் சற்று மேலே வைத்து வெல்டு அடித்தார். டப்பாவில் கேஸ் அழுத்தத்தையும் குறைத்து மெத்தென்று அமுங்கும்படி விட்டார். பின்னால் எடை வைத்து ஓட்டிப் பார்க்க அவர் மணல் மூட்டையைத் தூக்கப் போனபோது, முத்திருளாண்டியே பின்னால் ஏறி முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். கல் ரோட்டில் ஒரு சுற்று போய்த் திரும்பினார்கள்.

"குலுங்குச்சா?"

"இல்ல பாய்."

"வீட்ல எத்தனாவது மாசம்?"

"ரெண்டு பேரும் போயிட்டாங்க பாய், போன மழையில, ஆஸ்பத்திரி போற வழியிலேயே. இதே வண்டிதான், நான்தான் ஓட்டுனேன்." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொருக்கா போங்க. மெதுவா."