கதவுக்கு அடியில் போன கொடி

மகள் ஜெனிட்டா இறந்த பிறகு அவள் அறையை ஸ்டெல்லா திறக்கவே இல்லை. கூடத்தில் மகள் பாட்டிலில் வளர்த்த மணிபிளான்ட்டுக்கு மட்டும் தண்ணீர் மாற்றிவந்தாள். கொடி சுவரோரமாக ஊர்ந்து, பூட்டிய கதவுக்கு அடியில் நுழைந்துவிட்டது.

“உள்ள போயிருச்சு. வெட்டிரவா?” என்று கணவர் அருளப்பன் கத்தரியோடு வந்தார்.

“வேண்டாங்க. எதுவரைக்கும் போயிருக்குன்னு பாப்போம்.”

தான்தான் அதைச் சொன்னோமா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பூட்டைத் திறந்து, கொடி நசுங்காமல் கதவை மெல்லத் தள்ளினார்கள். ஜன்னல் வெளிச்சத்தைத் தேடிப் போன கொடி, கட்டிலில் ஏறி, தலையணையெங்கும் இலை விரித்திருந்தது. அறை முழுவதும் பச்சை வெளிச்சத்தில் மிதந்தது.

அருளப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஸ்டெல்லா உள்ளே போனாள். தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இலைகளை ஒதுக்கிவிட்டு, கட்டிலோரத்தில் ஒருக்களித்துப் படுத்தாள்.

“நீங்களும் வாங்க,” என்றாள். “இடம் இருக்கு.”