எதில் சர்க்கரை அதிகம்?

‘கவர் வாத்தியார்’ உள்ளே வந்ததுமே பேக்கரிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. பன் கவரில் அச்சிட்டிருக்கும் சர்க்கரை, உப்பு, நார்ச்சத்து அளவையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து, அவளையும் குடைந்தெடுத்துவிட்டு, மனைவிக்கென்று கோதுமை பன்னை மட்டும் வாங்கிப் போகிறவர்.

“எதுலம்மா சர்க்கரை அதிகம்?”

“எது கம்மின்னுதானே கேப்பீங்க?”

“அதிகம்தான். வெண்ணெயும் இருக்கணும்.”

“அண்ணி சண்டை போட்டு ஜெயிச்சுட்டாங்களா அண்ணே?”

“டாக்டரே சொல்லிட்டார். இனிமே அவ எதைக் கேட்டாலும் குடுங்கன்னு.”

“அப்படிப் போடுங்க! அப்ப என் சார்புல அண்ணிக்கு இன்னொண்ணு!” இரண்டு வெண்ணெய் பன்களை எடுத்து நீட்டினாள்.

“ஒண்ணு போதும்மா. அதுலயே ஒரு விள்ளல்தான் உள்ள இறங்கும்.”

டாக்டர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது.

ஒரு பன்னை வாங்கியவர், பழக்கதோஷத்தில் கவரைத் திருப்பினார். பிறகு படிக்காமலே பையில் வைத்துக்கொண்டார்.