ஆள் நுழையும் இடைவெளி

பாலத்தின் நடுத்தூணுக்கு நேர் மேலே ஒரே ஒரு கம்பித் தடுப்பு மட்டும் பாக்கி.

மச்சினன் அதைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். நான் வெல்டிங் ராடை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“மாமா, சட்டுனு ஒட்டுங்க. கை கழண்டு ஆத்துல விழுந்துடும் போல இருக்கு.”

அப்போதுதான் என் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். டப்பாவைக் கீழே வைத்தாள். மூடாமல் கிடந்த அந்த இடைவெளி வழியாக ஆற்றை எட்டிப் பார்த்தாள். ஓர் ஆள் தாராளமாக நுழையலாம்.

ஒரு காலத்தில் அங்கே கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது.

சூளையில் செங்கல் அடுக்கி முடித்ததும், உடம்பெல்லாம் செம்மண்ணோடு நேராக இங்கேதான் ஓடி வருவோம். குதிக்கிற ஆள், மேலே நிற்கிறவர்களில் ஒருவரை வைதுவிட்டுத்தான் குதிக்க வேண்டும். வசவு வாங்கியவர் அடுத்துக் குதித்தாக வேண்டும். அது எங்கள் கூட்டத்து வழக்கம்.

காற்றில் இருக்கிற அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு மேஸ்திரி கிடையாது, இடுப்பு வலி கிடையாது, நாளைக்கு என்கிற பேச்சே கிடையாது.

பெண்களில் குதித்தவள் இவள் ஒருத்திதான். வந்த முதல் நாளே என்னைப் பார்த்து, “வேகாத செங்கல்லே!” என்று கத்திவிட்டுக் குதித்தாள்.

ரோஷத்தில் பின்னாலேயே விழுந்தவன், இன்னும் கரையேறவில்லை என்று மச்சினன் கேலி செய்வான்.

இப்போது அதே இடத்தில் பலகை மாட்டியிருக்கிறார்கள். காலையில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இங்கிருந்து குதிப்பது குற்றமாம்.

அவள் இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு நெறஞ்சு போகுது, இல்ல?”

“வேணாம்டி. வயசென்ன ஆகுது உனக்கு?”

“போய்யா, துருப்பிடிச்ச ஆணி!”

“அக்கா!” என்று மச்சினன் அலறியபோது அங்கே அவள் இல்லை.

கீழே தண்ணீர் வெடித்தது. பிறகு சத்தமே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

தலை வெளியே வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. தூணில் மோதிப் பாலத்துக்கு ஏறி வருகிற அந்தப் பழைய சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை வருஷம்!

வழக்கப்படி அடுத்தது நான். ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன். மச்சினன்தான் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

துணியெல்லாம் சொட்டச் சொட்டக் கரையேறி மேலே வந்தாள். கிட்டே வர வர முகத்தில் சிரிப்பு இல்லை.

“அடைச்சிடுய்யா. எலிகூட நுழையக் கூடாது.”

இந்தத் தடுப்பு வேண்டும் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவள் அவள்தான். பஞ்சாயத்து அலுவலக வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்து, அதிகாரிகளை ஒத்துக்கொள்ள வைத்தவளும் அவள்தான்.

ராடு பற்றிக்கொண்டு பொறி பறந்தது.

மகனைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. ஆனாலும் அவள் கிளம்பவில்லை. தலைமுடியை வெயிலில் விரித்துப் போட்டு உதறிக்கொண்டே நின்றாள்.

தண்ணீர் வற்றிய ஒரு கோடையில் இங்கே குதித்தவன் அவன். கழுத்துக்குக் கீழே அவனுக்கு எதுவும் அசையாது.

ஆனால் ஆற்று வாசனையைக் கண்டுபிடித்துவிடுவான்.