ஓரத்துக்குப் போன தகடு

ஜெசிந்தாவின் பியானோவைப் பழுதுபார்க்க வந்தவர், நடுக்கட்டையின் மேல் ஒட்டியிருந்த, விரல் பட்டுப் பட்டுக் குழிந்துபோன வெள்ளைத் தகட்டைப் பெயர்த்துக் கடைசிக் கட்டையில் ஒட்டினார். அங்கிருந்த தேயாத தகடு நடுவுக்குப் போனது.

"வாடி, பாட்டுக்காரி! இந்த ஓரத்துக்கு எந்தப் பாட்டும் வராது" என்றது பக்கத்துத் தகடு.

குழிந்த தகடு காத்திருந்தது. ஜெசிந்தா தினமும் வாசித்தாள். நடுவில் தான் இல்லாதது அவளுக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

ஒருநாள் அவள் தூசி துடைத்துக்கொண்டே வந்தாள். கடைசிக் கட்டையின் குழிவில் அவள் விரல் நின்றது. துணியைக் கீழே வைத்துவிட்டு அழுத்தினாள். கீச்சென்று ஓர் ஒலி. சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுத்தினாள்.

"யாருடி இது, தெரிஞ்சவளா?" என்றது பக்கத்துத் தகடு.

"சின்னப் பிள்ளையிலிருந்து."